கை வைக்கணுமா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? வீட்டுக்குப் போய் வேலை பாக்குறவங்க வந்து சொல்லுங்க

#1 ஊன்றுகோல்

ஒன்பது வருஷமா வீடு வீடாப் போய் பிசியோதெரபி பண்றேன். நேத்து ஒரு வீட்ல நடந்ததைச் சொல்றேன். என் இடத்துல இருந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

பேஷண்ட் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம். வலப்பக்கம் வரலை, பேச்சு குழறும், ஆனா புத்தி படு தெளிவு. ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பறப்போ பார்தெல் ஸ்கோர் 60. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சு நான் எடுத்தப்போ 45. உடம்பு மோசமாகி இறங்கலை. சொல்லப்போனா காலுக்குக் கொஞ்சம் பலம்கூட வந்திருக்கு.

அப்புறம் ஏன் இறங்குச்சு? பார்தெல்ங்கிறது மஹோனி, பார்தெல்னு ரெண்டு பேர் 1965-ல வெளியிட்ட அளவுகோல். சாப்பிடறது, குளிக்கிறது, உடுத்துறது, படி ஏறுறதுன்னு பத்து விஷயம், மொத்தம் 100. அதுல ஒரு நுட்பம் இருக்கு. 'அவரால முடியுமா'ன்னு பாத்து மார்க் போடக் கூடாது, 'தினமும் செய்யறாரா'ன்னு பாத்துப் போடணும். ஆஸ்பத்திரியில அவரே செஞ்சார். வீட்ல எல்லாத்தையும் மத்தவங்க செஞ்சு குடுத்துடறாங்க. 15 மார்க்கை சாப்பிட்டது பாசம்.

நேத்து சட்டை போடற பயிற்சி. இடது கை மட்டும்தான். துணி ஓரத்தை நெஞ்சோட அழுத்திக்கிட்டு, கட்டைவிரல் நகத்தால பொத்தானை ஓட்டைக்குள்ள நெம்புறார். முதல் பொத்தானுக்கே ரெண்டு நிமிஷம் போச்சு. ரெண்டாவது பொத்தான் மூணாவது ஓட்டைக்குள்ள போயிடுச்சு. நான் வாயைத் திறக்கலை. கடைசி வரைக்கும் வந்து குனிஞ்சு பாத்துட்டு, "ஒண்ணு மிச்சம்"னார். கணக்கு வாத்தியாராச்சே! எல்லாத்தையும் கழட்டி மறுபடி ஆரம்பிச்சார். என் கை துடிக்குது, ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு அதுமேல உக்காந்துட்டேன். நிஜமாத்தான்.

பதினோராவது நிமிஷம், இன்னும் ரெண்டே பொத்தான் பாக்கி. அந்த நேரம் பாத்து வீட்டு அம்மா, அவரோட மனைவி, உள்ள வந்தாங்க. "அட, இதுக்கா இவ்வளவு நேரம்"னு இருபது செகண்ட்ல மொத்தத்தையும் போட்டு, காலரையும் சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அவர் இடது கையை மடியில வெச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் அன்னிக்கு எந்தப் பயிற்சிக்கும் ஒத்துக்கலை.

நான் அம்மாவைத் தடுத்திருக்கணுமா? இது அவங்க வீடு. நான் 45 நிமிஷ விருந்தாளி.

#2 மாடிப்படி

நான் மூணாவது வருஷ பிசியோ மாணவன். 'அசிஸ்ட்', அதாவது பேஷண்டுக்குக் கை உதவி, எவ்வளவு குடுக்கணும்னு எங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. உள்ள வர்ற அம்மாவை என்ன பண்றதுன்னு எடுக்கலை. 😀

#3 இரவுப்பணி

நான் பிசியோ இல்ல, நர்ஸும் இல்ல. ஹோம் கேர் அட்டெண்டர். பன்னெண்டு மணி நேர நைட் டியூட்டி, பத்து வருஷம் ஆச்சு.

சார் கோச்சுக்கக் கூடாது. நீங்க 45 நிமிஷம் இருக்கீங்க, அதுல 11 நிமிஷம் கைமேல உக்காந்திருக்கலாம். மிச்ச 23 மணி நேரம் யாரு பாக்குறது? நானும் அந்தம்மாவும்தான்.

ஒரு வீட்ல தாத்தாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி அஞ்சு வாரம். பிசியோ வந்து என்கிட்ட, "நீ தொடாத, அவரே வாக்கர் புடிச்சு நடக்கட்டும், பக்கத்துல மட்டும் நில்லு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் அப்படியே நின்னேன். ராத்திரி ரெண்டரை மணி, பாத்ரூம் போறாரு. வாசப்படிகிட்ட வாக்கரோட முன்கால் மிதியடியில மாட்டிக்கிச்சு. நான் ஓரடி தள்ளிதான் இருந்தேன். சட்டையை எட்டிப் புடிச்சேன், சட்டைதான் கைக்கு வந்துச்சு, ஆளு வரலை.

எலும்பு ஒடையல. நெத்தியில மூணு தையல். மறுநாள் பிசியோகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. என்னைத்தான் கேட்டாங்க, "நீ என்ன பண்ணிட்டு இருந்த?" ஏஜென்சிக்காரங்க மூணு நாள் சம்பளத்தைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த வீட்டுக்கும் திரும்ப அனுப்பலை. தாத்தாதான் போன் போட்டுப் பேசுனாரு, "நீ ஏம்மா வரல"ன்னு.

அதனால, நான் கை வைப்பேன். புடிச்சுதான் கூட்டிட்டுப் போவேன். அவரு முன்னேறலைன்னா பரவால்ல, விழாம இருந்தா போதும்.

#4 தலைமாடு

#3 சொல்ற சம்பளப் பிடித்தம் எனக்கும் நடந்திருக்கிறது. வேறு ஏஜென்சி, அதே கதை. நர்ஸ் என்பதால் எனக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் தங்கச்சி. அன்று தப்பு உங்களுடையதும் இல்லை, 'தொடாதே' என்ற சொல்லுடையதும் இல்லை. மிதியடியை முன்னாடியே யாரும் எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு முதல் நாள் போனால் நான் பிரஷர் பார்க்கும் முன் தரையைப் பார்ப்பேன். மிதியடி, ஒயர், ஈரம், ராத்திரி எரியும் விளக்கு. கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை நானே ஒரு தடவை செருப்பில்லாமல் நடந்து பார்ப்பேன்.

இன்னொன்று, விழுகிறவரை எட்டிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அவருக்கும் அடிபடும், உங்கள் இடுப்பும் போகும். ஒரு காலை முன்னால் வைத்து, அவரை நம் உடம்போடு சாய்த்து, நம் தொடை வழியாக மெதுவாகத் தரைக்குச் சரிய விட வேண்டும். அதற்கு அரையடி தூரத்தில், அவருடைய பலவீனமான பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். ஓரடி தள்ளி நிற்பது நிற்பதே இல்லை. இதை உங்களிடம் சொல்லாமல் 'பக்கத்தில் நில்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாரே, அந்த பிசியோ மேல்தான் எனக்குக் கோபம்.

#5 இரவுப்பணி

அக்கா, பத்து வருஷத்துல இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. அரையடி, பலமில்லாத பக்கம், கொஞ்சம் பின்னால. எழுதி வெச்சுக்கிட்டேன்.

#6 ஊன்றுகோல்

#3, நீங்க சொன்னதுல எனக்கு வலிச்சது 'பிசியோகிட்ட யாரும் கேக்கலை'ங்கிறது. நானும் எத்தனை வீட்ல 'பக்கத்துல நில்லுங்க'ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்னு யோசிச்சுப் பாத்தேன். எப்படி நிக்கிறதுன்னு பாதி வீட்ல காட்டலை. இடுப்புல கட்டற பெல்ட் ஒண்ணு இருக்கு, பிடிக்கறதுக்குன்னே செஞ்சது. சட்டை கிழியும், அது கிழியாது. அதையும் எல்லா வீட்லயும் வாங்கச் சொன்னதில்ல.

ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஸ்ட்ரோக் பேஷண்டைத் தூக்கறப்போ வராத கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அக்குள்ல கை குடுத்தும் தூக்காதீங்க. அந்தத் தோள்ல தசை தளர்ந்து போயிருக்கும். மூட்டு கிண்ணத்தை விட்டுக் கீழ இறங்கிடும். தோளோட நுனியில ஒரு விரல் உள்ள போற அளவுக்குப் பள்ளம் தெரியும். அந்த வலி வந்துட்டா மாசக்கணக்கா கையைத் தொடவே விட மாட்டாங்க.

#7 வலக்கை_இடக்கை

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்துட்டேன், உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளைப் பழக்குகிற ஆள். சட்டைப் பொத்தான்னதும் கூப்பிட்டிருக்க வேண்டியது என்னை. பிசியோ, நீங்க தப்பான பொத்தானில் இருந்து ஆரம்பிச்சீங்க.

ஏழு பொத்தானையும் முதல் நாளே அவரிடம் கொடுத்தால், பதினொரு நிமிடமும் அவருக்குக் கிடைப்பது தோல்விதான். தலைகீழாக வாங்க. ஆறு பொத்தானை நீங்க போடுங்க, ஏழாவதை அவருக்கு விடுங்க. அதைப் போட்டு முடித்ததும் சட்டையும் முடிந்துவிடும், முடித்தவர் அவர்தான். நாலு நாள் கழித்து அஞ்சைப் போட்டு ரெண்டை விடுங்க. இப்படியே பின்னாலிருந்து முன்னால். எந்த நாளிலும் அவர் பாதியில் நிற்க மாட்டார். அம்மாவுக்கும் வேலை இருக்கும், துடிக்கிற கையை எங்கே வைப்பது என்று அவங்க தவிக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: வராத கையை முதலில் சட்டைக்குள் விடணும், கழட்டும்போது அது கடைசி. சின்ன பொத்தானை வெட்டிவிட்டுக் கொஞ்சம் பெரியதாகத் தையுங்க. கை மணிக்கட்டுப் பொத்தானை எலாஸ்டிக் நூலில் தைத்தால் அதைக் கழட்டவே வேண்டாம், கை அப்படியே நுழையும். பொத்தான் கொக்கி என்று ஒரு சாமான் இருக்கு, தடித்த கைப்பிடியில் ஒரு கம்பி வளையம். வளையத்தை ஓட்டை வழியாக விட்டு, பொத்தானை மாட்டி இழுத்தால் வந்துவிடும். முன்பக்கம் வெல்க்ரோ வைத்துப் பொத்தானை மேலே சும்மா ஒட்டித் தைப்பதும் உண்டு. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. என் பேஷண்ட் ஒருத்தர் அதைப் 'பொய்ச்சட்டை' என்று திட்டினார்.

கண்ணாடி முன் உட்கார வைக்கிறவர்கள் கவனம். சிலருக்கு அது உதவும், சிலருக்கு இடம் வலம் குழம்பி இன்னும் மோசமாகும்.

#8 மாடிப்படி

பின்னாலிருந்து முன்னால்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணேன், சட்டையில இருக்கும்னு தெரியாது.

#9 ஒரே_மகள்

நான் இந்தத் தொழிலில் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி தூக்கம் வராமல் தேடியபோது இந்த இழை கண்ணில் பட்டது.

பொத்தானைப் போட்டுவிட்ட அந்த அம்மாவை எல்லோரும் கொஞ்சம் குற்றவாளியாகப் பார்க்கிறீர்கள். நான்தான் அந்த அம்மா. காலை ஆறரைக்கு எழுந்து டயப்பர் மாற்றி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, பல் தேய்த்து, உடை மாற்றி, எட்டு மணிக்கு அட்டெண்டர் வந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். அவர் பத்து நிமிடம் தாமதமானால் எனக்கு அரைநாள் விடுப்பு. எங்கள் பிசியோவும் "அம்மாவே செய்யட்டும்" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பதினொரு நிமிடம் என்பது எனக்கு ஒரு பஸ்.

நான் அவசரப்படுத்துவது அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் கையைத் தானே நீட்டி சட்டைக்குள் விட்டுக்கொண்டு, "சீக்கிரம் ஆயிடுச்சு பாரு" என்றாள். எனக்கு ஆபீஸ் போய்ச் சேரும் வரை ஒன்றும் ஓடவில்லை.

#10 தலைமாடு

#9, உங்கள் பிசியோ உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கிறேன். நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பராமரிப்பவரின் பாரத்தை அளக்கவே ஜாரிட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. உங்களுக்கென்று நேரம் மிஞ்சவில்லை என்று தோன்றுகிறதா, இதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று உறுத்துகிறதா, இப்படிப் போகும். நான் போன வீடுகளில் பேஷண்டுக்கு ஃபைல் கட்டுக்கட்டாக இருக்கும். பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு காகிதம் இருக்காது.

ஒரு நடைமுறை யோசனை. காலையில் நீங்களே எல்லாம் செய்யுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். 'அவங்களே செய்யறது' சாயங்காலத்துக்கு. இரவு உடை மாற்றும்போது பஸ் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? #7 சொன்ன கடைசிப் பொத்தானை அப்போது கொடுங்கள்.

#11 ஊன்றுகோல்

#9, மன்னிச்சுக்கோங்க. 'பாசம் சாப்பிட்டது'ன்னு எழுதினேனே, எழுதறப்போ நல்ல வாக்கியமா தெரிஞ்சுது. இப்ப அவ்வளவு நல்லா இல்ல.

#12 கிளிப்பேச்சு

வணக்கம். நான் பேச்சு சிகிச்சை செய்யிற ஆள். உங்கட பொத்தான் பிரச்சினை எங்களுக்கும் இருக்கு. எங்களுக்கு அது சொல்.

பக்கவாதத்தால பேச்சு போன ஆக்களோட வீட்டில நடக்கிறது இதுதான். அவர் "அ... அ..." எண்டு தொடங்குவார். மனுசி "தண்ணியோ? ஃபேனோ? போர்வையோ?" எண்டு நாலு சொல்லை எடுத்துக் குடுப்பா. அவர் தலையாட்டுவார். ஏன் ஆட்டுறார் தெரியுமோ? களைச்சுப் போய். கேட்டது அதில்லை. நான் வீட்டு ஆக்களுக்குச் சொல்லுறது, மனசுக்குள்ள பத்து மட்டும் எண்ணுங்கோ, பிறகு கதையுங்கோ. பத்து எண்டுறது சரியான நீட்டு. இருந்து எண்ணிப் பாத்தால்தான் விளங்கும்.

1861-இல பாரிஸில புரோக்கா எண்ட டாக்குத்தர் பார்த்த நோயாளி ஒருத்தருக்கு 'டான்' எண்ட ஒரே ஒரு அசைதான் வரும். கேக்கிறது எல்லாம் விளங்கும், பதில் மட்டும் 'டான்'. ஆனா கோவம் வந்தால் ஒரு முழு வசவு தெளிவா வருமாம்! அது சும்மா பகிடி இல்லை. பழகிப்போன வசவு, எண்ணுறது, பாட்டு, இதுகள் யோசிச்சுக் கதைக்கிற பேச்சு மாதிரி இல்லை, தன்பாட்டில வரும். பாட்டிண்ட அந்தக் குணத்தைப் பிடிச்சுத்தான் 1973-இல பொஸ்டனில ராகத்தோட இழுத்துச் சொல்லப் பழக்கிற முறையைக் கொண்டு வந்தவை. நான் இடக்கையால மேசையில தட்டித் தட்டி, ரெண்டே ரெண்டு சுரத்தில 'தண்-ணீ வே-ணும்' எண்டு பாடப் பழக்கினன் ஒரு ஐயாவுக்கு. ஆறு கிழமை. எல்லாருக்கும் சரிவராது, அவருக்கு வந்திது. முதல் தரம் தானாப் பாடினது என்னட்ட இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு மகனிட்ட. மகன் பயந்துபோய் எனக்கு அப்பவே மெசேஜ் போட்டவர், "அப்பா பாடுறார், என்ன செய்ய?" எண்டு. தண்ணி குடுங்கோ எண்டன்.

#13 மாடிப்படி

😂😂 "தண்ணி குடுங்கோ"

#14 தலைமாடு

சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் கசப்பும் கேட்டுக்கொள்ளுங்கள். 'கையைக் கட்டிக்கொண்டு நில்' என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது.

படுக்கைப்புண் விஷயத்தில் யாரும் காத்திருக்கக் கூடாது. சிவப்பாக ஒரு இடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கல் மாதிரி இறுகியிருப்பதையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். நடுவில் ஓட்டை போட்ட டியூப் மாதிரி குஷனை ஆசையாக வாங்கி வைத்திருப்பார்கள், அது சுற்றியிருக்கும் ரத்த ஓட்டத்தைத்தான் நசுக்கும். குதிகாலுக்கு வேறு எதுவும் வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுங்கள்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்கிறோமே, அதில் லுட்விக் குட்மன் பெயரை நான் மறக்க மாட்டேன். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குத் தனிப்பிரிவு தொடங்கியவர். அதற்கு முன் இவர்களில் பெரும்பாலானோர் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிடிவாதமாகப் பிடித்தது பகலும் இரவும் இரண்டு மணிக்கொரு தடவை திருப்புவதை. பெரிய மருந்து எதுவும் இல்லை, ராத்திரி எழுந்திருக்கும் ஆட்கள்தான். #3 மாதிரி ஆட்கள்.

சரி, என் கதை. கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞர், சிறுநீர் வெளியேற கதீட்டர் ட்யூப் போட்டிருந்தார். ஒருநாள் நான் உள்ளே போகும்போது முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை. "மண்டை பிளக்குது சிஸ்டர்" என்கிறார். வீட்டார் பயந்து கட்டிலைச் சமமாக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள், காலுக்குப் போர்வை வேறு. வழக்கமாக அவருக்கு மேல் பிரஷர் 100 இருக்கும், அன்று 190. எனக்கே கை நடுங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போனை எடுக்கிறேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதல்ல உக்கார வைங்க, ட்யூபைப் பாருங்க" என்றார்.

போர்வையைத் தள்ளினால், ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கி நசுங்கிக் கிடக்கிறது. பையில் ஒரு சொட்டு இல்லை. விடுவித்ததும் பை நிரம்ப ஆரம்பித்தது. தலையணைகளை முதுகில் அடுக்கி நேராக உட்கார வைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தேன். 160, 135, 110.

முதுகுத்தண்டில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு) அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்கு வருவது இது. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் இறுகினாலோ நகம் உள்ளே வளர்ந்தாலோ, உடம்பு வலியைத் தலைக்குச் சொல்ல முடியாமல் ரத்தக்குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்து எடுக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். இறங்கவில்லை என்றால் ஒரு நிமிடம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிதான். படித்தவள் நான். அன்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்.

#15 சக்கரக்காரன்

#14-ல் வருபவர் நானில்லை. ஆனால் எனக்கும் அதே மாதிரி மேல்முதுகில்தான் அடி, பதினான்கு வருடம் ஆகிறது. இழையில் இதுவரை எங்கள் தரப்பு ஆள் யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிசியோ சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. என்னை உட்கார வைத்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். ஆனால் உடை உடுத்துவதை யார் செய்வது என்று நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள், உடுத்துகிறவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

நானே பேன்ட் போட்டுக்கொள்வேன். புரண்டு புரண்டு, கொக்கியை வைத்து இழுத்து, 40 நிமிடம். பயிற்சி மையத்தில் அதைச் செய்து காட்டி எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் தினமும் செய்தேன். பேன்ட் போட்டு முடிந்ததும் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும், வேலை செய்ய எதுவும் மிஞ்சாது. பிறகு ஒருநாள் முடிவு செய்தேன். பேன்ட்டுக்கு ஆள். அவர் ஆறு நிமிடத்தில் போட்டுவிடுவார். மிச்ச 34 நிமிடத்தை என் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறேன். உங்கள் பார்தெல்லில் நான் அதற்கு மார்க் இழப்பேன். என் கணக்கில் எனக்கு லாபம்.

எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர், பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தார், இரவில் மூச்சுவிட உதவும் 'இரும்பு நுரையீரல்' இயந்திரத்துக்குள் படுப்பார். அவரும் நண்பர்களும் 1972-இல் அங்கே தொடங்கியதுதான் 'சுதந்திர வாழ்வு மையம்'. அவர்கள் சொன்னது இதுதான்: எதைத் தன் கையால் செய்கிறேன் என்பதில் சுதந்திரம் இல்லை, எதை எப்போது யார் செய்வது என்று நான் சொல்வதில்தான் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். பேசிக்கொண்டே வந்து என் நாற்காலியின் கைப்பிடியில் சாய்கிறவர்கள், கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள்... உங்கள் தோளில் யாராவது சாய்ந்தால் எப்படி இருக்கும்?

#16 வலக்கை_இடக்கை

#15க்கு நூறு லைக். 'உங்களுக்கு எது முக்கியம்' என்று கேட்பது எங்கள் படிப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கு. நான் பொத்தான் என்றதும் நேரே கொக்கிக்குப் போனேன், அவரைக் கேட்டீங்களா என்று பிசியோவிடம் கேட்கவே இல்லை. தலையில் குட்டிக்கொள்கிறேன்.

#17 இரவுப்பணி

ஒரு சந்தேகம், இழைக்கு வெளியதான். இப்ப நான் பாக்குற ஐயாவுக்கு பார்க்கின்சன். காலையில பத்து மணிக்கு நல்லா நடக்குறாரு, பன்னெண்டு மணிக்கு பாத்ரூம் வாசல்ல வந்து அப்படியே ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடறாரு. மருமக "நடிக்கிறாரு, எனக்கு வேலை குடுக்கவே இப்படி"ங்குது. நான் "வேகமா வாங்க, வாங்க"ன்னா இன்னும் நின்னுடறாரு. கையைப் புடிச்சு இழுத்தா முன்னால சாயறாரு.

#18 ஊன்றுகோல்

இழைக்கு உள்ளதான், அக்கா. அவர் நடிக்கலை. பார்க்கின்சனுக்குப் போடற மாத்திரையோட வேலை குறைய ஆரம்பிச்சா கால் அப்படி உறைஞ்சிடும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நின்னார்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. டாக்டருக்கு அந்த நோட்டு தங்கம். நேரத்தை மாத்துறதை அவர்தான் பண்ணணும், நாம கூடாது.

இழுக்காதீங்க, அவசரப்படுத்தாதீங்க. வாசல்ல, திரும்பற இடத்துல, குறுகலான இடத்துலதான் உறையும். தரையில பளிச்சுனு தெரியற கலர் டேப்பை அவர் நடைக்குக் குறுக்க, ஒரு எட்டு இடைவெளி விட்டு ஒட்டுங்க. வாசலுக்கு முன்னால மூணு, தாண்டி ரெண்டு. "கோட்டைத் தாண்டுங்க"ன்னு சொல்லுங்க. 'நட'ன்னா வராத கால் 'தாண்டு'ன்னா வரும். டேப் ஓரம் தூக்கிக்கிட்டு நிக்காம அழுத்தி ஒட்டுங்க. மறக்காம, நீங்க நிக்கிறது அரையடியில.

#19 இரவுப்பணி

ஒட்டிட்டேன். மஞ்சள் டேப். முதல் நாள் கோட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்து, "இது என்ன, பாண்டி ஆட்டமா"ன்னு கேட்டாரு. ஆமாங்க ஐயா, ஆடுங்கன்னேன். ஆடுனாரு. அஞ்சு கோடும். எட்டு நாள்ல ரெண்டு தடவைதான் நின்னாரு, ரெண்டும் மாத்திரை லேட்டான நாளு. நோட்டுல இருக்கு.

மருமக இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. டேப் ஓரம் கிழிஞ்சதை அதுவே புதுசா ஒட்டியிருந்துச்சு.

#20 ஒரே_மகள்

சாயங்காலப் பொத்தான் ஆரம்பித்துவிட்டோம். நேற்று ரெண்டு. இன்று அம்மாவுக்குச் சலிப்பு, ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்று நானே போட்டுவிட்டேன்.

#21 மாடிப்படி

எல்லாம் சரி, அந்தக் கணக்கு வாத்தியார் என்ன ஆனார்? மூணு வாரமாச்சு. ஊன்றுகோல் அண்ணா, சொல்லாம விட்டா நான் பரீட்சைக்குப் படிக்க மாட்டேன்.

#22 ஊன்றுகோல்

சொல்றேன். #15 படிச்சதுக்கு மறுநாள் போய், சட்டையை எடுக்காம, எதிர்ல உக்காந்து கேட்டேன். "சார், எதை நீங்களே செய்யணும்னு நினைக்கறீங்க?" கிளிப்பேச்சு சொன்ன மாதிரி மனசுக்குள்ள பத்து எண்ணினேன். ஏழுலயே என் வாய் திறக்கப் பாத்துச்சு.

"பொத்தான் வேணாம். அவ போடட்டும்"னார். அம்மா பக்கத்துல நின்னுட்டு ஜன்னலைப் பாத்தாங்க. அப்புறம் ரொம்ப நேரம் எடுத்து, ஒவ்வொரு சொல்லா, "கதவு. நான். சாத்தணும்"னார்.

பாத்ரூம் கதவு. நாலு மாசமா அந்தக் கதவு திறந்தேதான் இருந்திருக்கு, யாராவது ஒருத்தர் உள்ள நின்னிருக்காங்க. நான் அவரோட தோளை அளந்திருக்கேன், முட்டியை அளந்திருக்கேன். இது ஒரு நாளும் என் நோட்டுல இல்ல.

அதுக்கப்புறம் மூணு வாரமா அது மட்டும்தான் வேலை. கட்டில்ல இருந்து எழறது, திரும்பறது, உக்கார்றது, ஒத்தைக் கையால துணியை இறக்கி ஏத்தறது. கதவு உள்பக்கம் திறக்கற மாதிரி இருந்துச்சு. உள்ள விழுந்தா உடம்பே கதவை அடைச்சுக்கும், வெளியில இருந்து திறக்க முடியாது. அதை வெளிப்பக்கமா திருப்பி மாட்டியாச்சு. தாழ்ப்பாளை எடுத்தாச்சு, சாத்தினா நிக்கும், அவ்வளவுதான். அம்மா வெளியில நாற்காலி போட்டு உக்காந்துக்கறாங்க. 'பேச்சுக் குடுக்க மாட்டேன், கூப்பிட்டா மட்டும் வருவேன்'னு ஒப்பந்தம்.

போன வியாழக்கிழமை அவரே சாத்தினார். நாங்க ரெண்டு பேரும் வெளியில நின்னோம். ஒன்பது நிமிஷம். அம்மா நாலு தடவை கதவுகிட்ட போய்ட்டுத் திரும்பினாங்க. நான் மூணு தடவை.

#23 இரவுப்பணி

கைப்பிடி போட்டீங்களா சார்? எந்தப் பக்கம்?

#24 ஊன்றுகோல்

இடது பக்கம், அக்கா. நல்ல கைப்பக்கம்.

#25 இரவுப்பணி

ஒசரம் எப்படிக் கணக்கு பண்றது? எங்க ஐயாவுக்கும் போடணும். மருமக ஆளை வரச் சொல்லியிருக்கு.

#26 வலக்கை_இடக்கை

டேப் வைத்து அளக்காதீங்க. அவரை உட்கார வைத்து எழச் சொல்லுங்க, கை தானாகத் தேடிப் போகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்க. மூணு தடவை எழச் சொல்லி, மூணு கோடும் ஒரே இடத்தில் விழுகிறதா பாருங்க. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் ஒரு தடவை, குறைகிற நேரத்தில் ஒரு தடவை. சுவர் தாங்குமான்னு போட வருகிற ஆளிடம் கேளுங்க. டவல் மாட்டுகிற கம்பியை மட்டும் கைப்பிடி என்று போட விடாதீங்க, பிடித்து எழுந்தால் கையோடு வந்துவிடும்.

#27 இரவுப்பணி

சரிங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ஒண்ணு கோடு போட்டுட்டு வந்து சொல்றேன். டியூட்டி முடிஞ்சும் இருக்கணும், பரவால்ல.